ரத்த வாந்தியும் ஒரு ரப்பர் வளையமும்

எத்தனை தடவை வாந்தி எடுத்தார்? எவ்வளவு இருக்கும்? கட்டியாக வந்ததா, தண்ணீராக வந்ததா? நேற்றோ முந்தாநாளோ மலம் கறுப்பாகப் போனதா? கல்லீரலுக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்க்கிறாரா? உடம்பு வலிக்கு மாத்திரை ஏதாவது வாங்கிப் போட்டாரா?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ ரத்த வாந்தியோடு ஒருவரைத் தூக்கிவந்தால் பணி மருத்துவர் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. பதில்கள் மில்லி லிட்டரில் வருவதில்லை. “ஒரு சொம்பு இருக்கும் சார்”, “வாசல் பூரா ரத்தம்”, “கொல்லைப் பக்கம் போனவரு அங்கேயே மயங்கி விழுந்துட்டாரு” என்றுதான் வரும். மனைவியோ மகனோ பதறிச் சொல்லும் அந்த அளவுகளை நாடித்துடிப்போடும் ரத்த அழுத்தத்தோடும் வைத்துப் பார்க்கிறார் மருத்துவர். நாடி நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டி, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே இறங்கியிருந்தால் நிலைமை கடுமை. வாந்தியில் வெளியே வந்தது பாதி. மீதி குடலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

ரத்த வாந்திக்குக் காரணங்கள் பல உண்டு. இரைப்பைப் புண் இருக்கலாம், வலி மாத்திரை செய்த வேலையாக இருக்கலாம். ஆனால் வயிறு உப்பி, கண் மஞ்சளித்து, கை கால் மெலிந்து வரும் ஒருவரைப் பார்த்ததும் மருத்துவர் முதலில் சந்தேகிப்பது உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புடைத்து நிற்கும் சிரைகளைத்தான். மருத்துவமனைப் பேச்சில் அதற்கு ‘வேரிசஸ்’ என்று பெயர். அது உடைந்தால் கொட்டுகிற ரத்தத்தை வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்க வழியில்லை. வயிற்றைத் திறக்காமல், வாய் வழியாக ஒரு குழாயை இறக்கி, சிறிய ரப்பர் வளையத்தைச் சுருக்குப் போட்டு அதை நிறுத்துகிறார்கள். கைத்திறன் உள்ளவர் செய்தால் கால் மணி நேரத்தில் முடிகிற வேலை. ஒரு தலைமுறைக்கு முன்பு இதே ரத்தக் கசிவோடு வந்தவர்களில் பலர் வீடு திரும்பவில்லை.

கரை உடைகிற இடம்

குடல், இரைப்பை, மண்ணீரல், கணையம் ஆகியவற்றின் ரத்தம் நேரே இதயத்துக்குத் திரும்புவதில்லை. போர்ட்டல் சிரை என்ற ஒரே பெரிய குழாயில் சேர்ந்து முதலில் கல்லீரலுக்குள் நுழைகிறது. அங்கே வடிகட்டப்பட்ட பிறகுதான் மேலே ஏறுகிறது. பல ஆண்டுக் குடியாலோ, மஞ்சள் காமாலைக் கிருமியாலோ, கொழுப்பாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது இந்தப் பாதை இறுகிவிடுகிறது. சிரோசிஸ் என்பது இதுதான்.

அதன் பிறகு நடப்பதைக் காவிரிப் படுகையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கப் பாடப்புத்தகம் வேண்டாம். ஐப்பசி அடைமழையில் வடிகாலில் வெங்காயத்தாமரை மண்டிவிட்டால் தண்ணீர் நின்றுவிடாது. பக்கத்து வாய்க்காலில் ஏறும், வரப்பை மீறும், கரை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைக்கும். வயிற்றுக்குள்ளும் ரத்தம் அப்படித்தான் பக்கவழி தேடுகிறது. அதற்குக் கிடைக்கும் பக்கவழிகளில் மிக மெல்லியவை உணவுக்குழாயின் உள்சுவரில் ஓடும் சிரைகள்.

போர்ட்டல் சிரைக்கும் கல்லீரல் சிரைக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டுவதில்லை. 10-ஐத் தொட்டால் புடைப்புகள் உருவாகத் தொடங்கும். 12-ஐத் தாண்டினால் அவை உடையும் அபாயம் உண்டு. சிரோசிஸ் என்று கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புடைப்புகள் இருக்கின்றன. அவர்களுக்கு வலி கிடையாது, எரிச்சல் கிடையாது, விழுங்குவதில் சிரமம் கிடையாது. முதல் அறிகுறியே ரத்தம்தான்.

பாரிஸ் நகரத்து மருத்துவமனை ஒன்று தன் பழைய பதிவேடுகளைப் புரட்டி ஒரு கணக்கு வெளியிட்டது. சிரோசிஸ் நோயாளிகளில் இப்படி ரத்தம் கசிந்து சேர்ந்தவர்களில் 1980-ல் மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 42.6 சதவீதம். 2000-ல் அதே மருத்துவமனையில் 14.5 சதவீதம். இருபது ஆண்டுகளில் சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் இவ்வளவு வேகமான இறக்கம் அடிக்கடி நடப்பதில்லை. இதைச் சாதித்தது ஒற்றை மருந்தோ ஒற்றைக் கருவியோ அல்ல. ஆனாலும் அதில் பெரும்பங்கு வாய் வழியே குழாயை இறக்கும் எண்டோஸ்கோபிக்கு உண்டு.

முதலில் ஊசி வந்தது. புடைத்த சிரைக்குள் மருந்தைச் செலுத்தி அதை இறுகவைக்கும் முறையை ஸ்வீடனில் 1939-லேயே செய்து காட்டியிருந்தார்கள். வளையும் எண்டோஸ்கோப் பரவிய பிறகே அது பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு கையிலிருந்த ஆயுதம் 1950-ல் வந்த பலூன் குழாய். மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ இறக்கி, உள்ளே பலூனை ஊதி, ரத்தக் குழாய்களை அழுத்திப் பிடிப்பார்கள். பலூனைத் தளர்த்தியதும் பலருக்கு மறுபடி ரத்தம் வரும். இன்றைக்கும் எண்டோஸ்கோபி அறைக்குக் கொண்டுபோகும்வரை உயிரைப் பிடித்து வைக்கக் கடைசி வழியாக அது பயன்படுகிறது.

ரப்பர் வளையம் அமெரிக்காவின் டென்வர் நகரத்திலிருந்து வந்தது. கிரெக் ஸ்டீக்மன் என்ற அறுவை மருத்துவர், மூலநோய்க்கு வளையம் போடும் பழைய உத்தியை எண்டோஸ்கோப்பின் முனைக்குக் கொண்டுவந்தார். 1986-ல் கருவியை அறிமுகம் செய்தார். ஊசியா வளையமா என்ற கேள்விக்கு 129 நோயாளிகளை வைத்து நடந்த ஒப்பீட்டின் முடிவு 1992-ல் வெளியானது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 45 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். வளையம் போட்டுக்கொண்டவர்களில் 28 சதவீதம். பக்கவிளைவு ஊசியில் 22 சதவீதம், வளையத்தில் 2 சதவீதம். அதன் பிறகு உணவுக்குழாய்ப் புடைப்புகளுக்கு உலகம் முழுக்க வளையமே முதல் தேர்வு.

எண்டோஸ்கோபி அறைக்குள்

நோயாளி இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்கப்படுகிறார். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து தெளிக்கிறார்கள். பற்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கடிக்கக் கொடுக்கிறார்கள். ரத்தம் அதிகமாகக் கொட்டிக்கொண்டிருந்தாலோ நினைவு தடுமாறினாலோ முதலில் மூச்சுக்குழாயில் குழாய் போட்டு நுரையீரலைக் காப்பாற்றுகிறார்கள். வாந்தி எடுத்த ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போனால் கல்லீரல் நோயோடு நிமோனியாவும் சேர்ந்துகொள்ளும்.

முதல் தடவை குழாயை இறக்குவது பார்ப்பதற்கு. திரையில் உணவுக்குழாயின் சுவர் தெரிகிறது. அதில் நீலம் பாய்ந்த சிரைகள் நெளிந்து ஓடுகின்றன. சிலவற்றின் மேல் சிவப்புக் கீற்றுகளும் புள்ளிகளும் இருக்கும். இனி உடையக்கூடியவை அவை. ஏற்கெனவே உடைந்த இடத்தில் வெண்மையான ஒரு சிறு முனை அடைத்துக்கொண்டிருக்கலாம், அல்லது அங்கிருந்து ரத்தம் பீச்சிக்கொண்டிருக்கலாம்.

பார்த்த பிறகு குழாயை வெளியே எடுத்து, அதன் முனையில் ஒளி ஊடுருவும் சிறு மூடி ஒன்றை மாட்டுகிறார்கள். மூடியின் வெளிப்புறத்தில் ஐந்து முதல் ஏழு ரப்பர் வளையங்கள் விரித்து அடுக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து ஒரு நூல் குழாயின் உள்வழியே ஓடி, மருத்துவரின் கையருகே உள்ள திருகோடு இணைகிறது. மறுபடி இறக்கி, இரைப்பையும் உணவுக்குழாயும் சேருகிற இடத்தில் தொடங்குகிறார். மூடியைச் சிரையின் மேல் அழுத்தி உறிஞ்சியை இயக்கினால் புடைப்பு மூடிக்குள் இழுக்கப்படும். திரை முழுவதும் ஒரு கணம் சிவந்துவிடும். அப்போது திருகைத் திருப்ப வேண்டும். நூல் இழுபட்டு ஒரு வளையம் நழுவி, உள்ளே வந்த புடைப்பின் கழுத்தில் விழுந்து இறுகுகிறது. உறிஞ்சியை விட்டதும் புடைப்பு கறுத்து உருண்டு நிற்கிறது. ரத்த ஓட்டம் அங்கே நின்றுவிட்டது. கொஞ்சம் மேலே நகர்ந்து அடுத்தது, இன்னும் மேலே அடுத்தது.

சில நாட்களில் சுருக்குப்பட்ட திசு உதிர்ந்து, வளையமும் அதோடு மலத்தில் போய்விடும். அந்த இடத்தில் ஆழமில்லாத புண் இருக்கும்; ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அந்த நாட்களில் குழைந்த சாதம், கஞ்சி, தயிர் என்று மென்மையாகச் சாப்பிடச் சொல்வது இதற்காகத்தான். பொங்கல் சமயத்தில் வளையம் போட்டுக்கொண்டவர் கரும்பைக் கடிக்கக் கூடாது, முறுக்கும் கூடாது. வீட்டில் இதைச் சொல்லிவைக்க ஆள் வேண்டும்.

குழாயை இறக்குவதற்கு முன்பே சிகிச்சை தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது. டெர்லிப்ரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு என்ற மருந்தைச் சிரை வழியே ஏற்றினால் குடலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, போர்ட்டல் அழுத்தம் இறங்கும். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற நோய்க்கிருமிக்கொல்லியையும் கூடவே போடுகிறார்கள். ரத்தக் கசிவுக்கு எதற்கு ஆன்டிபயாட்டிக் என்று தோன்றும். சிரோசிஸ் நோயாளிக்கு ரத்தம் கசியும்போது குடல் கிருமிகள் ரத்தத்தில் கலப்பது எளிது. அந்தத் தொற்றே மறுபடி ரத்தம் கசியவும் உயிர் போகவும் காரணமாகிறது. இந்த ஊசி உயிரிழப்பைக் குறைக்கிறது என்பது ஐயமற நிறுவப்பட்ட விஷயம்.

ரத்தம் ஏற்றுவதில்தான் குடும்பத்துக்கும் மருத்துவருக்கும் மனத்தாங்கல் வருகிறது. வாசல் பூரா ரத்தத்தைப் பார்த்தவர்கள் நாலு பாட்டில், ஐந்து பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் ரத்த வகையைப் போட்டு ஆள் திரட்டிவிடுவார்கள். மருத்துவரோ ஒன்றிரண்டோடு நிறுத்துவார். அது அலட்சியம் அல்ல. பார்சிலோனாவில் இரைப்பை, உணவுக்குழாய் ரத்தக் கசிவோடு வந்த 921 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போனால் மட்டும் ரத்தம் ஏற்றியவர்களில் 95 சதவீதம் பேர் ஆறு வாரம் கடந்து உயிரோடு இருந்தார்கள். 9-க்குக் கீழே போனதுமே ஏற்றியவர்களில் 91 சதவீதம். அதிகமாக ஏற்றினால் போர்ட்டல் அழுத்தம் கூடி, அடைத்த இடம் மறுபடி திறந்துகொள்கிறது. இதை உறவினர்களுக்கு இரண்டு நிமிடம் நின்று விளக்கிச் சொல்லும் மருத்துவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள்.

வளையம் எட்டாத இடம்

புடைப்பு இரைப்பையின் மேற்பகுதியில் இருந்தால் வளையம் போதாது. அங்கே சிரைகள் பெரியவை; உடைந்தால் கொட்டுவதும் அதிகம். இரைப்பைப் புடைப்புகளை வகைப்படுத்தும் முறையை உலகத்துக்குத் தந்தவர் டெல்லியைச் சேர்ந்த மருத்துவர் ஷிவ் குமார் சரின். அவருடைய குழு 568 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1992-ல் வெளியிட்ட அந்தப் பகுப்பை இன்றைக்கும் எல்லா நாட்டு மருத்துவர்களும் பயன்படுத்துகிறார்கள். அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இந்த இடத்துக்கு மருந்து பசை. சயனோஅக்ரிலேட் என்ற திரவத்தை எண்டோஸ்கோப் வழியே நேரே சிரைக்குள் செலுத்தினால், ரத்தத்தைத் தொட்ட சில விநாடிகளில் அது கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஹம்பர்க்கில் பணியாற்றிய நிப் சொஹேந்த்ரா 1986-ல் இதை உலகறியச் செய்தார். மருத்துவரும் செவிலியரும் ஒரே மூச்சில் வேலை செய்ய வேண்டிய நேரம் அது. ஊசியைச் சிரைக்குள் குத்தியதும் பசை போக வேண்டும், உடனே குழாயில் மிச்சமிருப்பதைத் தள்ள வேண்டும், உடனே ஊசியை உருவ வேண்டும். தாமதித்தால் ஊசி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்; பசைத் துணுக்கு நுரையீரலுக்குப் போய்விடும் ஆபத்தும் உண்டு.

எண்டோஸ்கோப்பும் கைவிட்டால் கதிரியக்கத் துறையினர் வருகிறார்கள். கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கல்லீரலுக்குள் கல்லீரல் சிரையையும் போர்ட்டல் சிரையையும் இணைத்து, நடுவே ஸ்டென்ட் வைத்து ரத்தத்துக்குக் குறுக்குவழி போடுவது ஒரு முறை. ‘டிப்ஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இந்த யோசனையை ஜோசப் ரோஷ் 1969-ல் விலங்குகளில் செய்து காட்டினார். மனிதருக்கு ஸ்டென்ட் வைத்துச் செய்ய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மறுபடி ரத்தம் கசியும் அபாயம் மிக அதிகம் உள்ளவர்களுக்கு இதை 72 மணி நேரத்துக்குள் செய்தால் உயிர் பிழைப்பது கூடுகிறது என்று 2010-ல் வந்த ஆய்வு காட்டியது. இதற்கு ஒரு விலை உண்டு: கல்லீரலைத் தொடாமல் போகும் ரத்தம் நச்சுப் பொருட்களையும் மூளைக்குக் கொண்டுபோவதால் சிலருக்குக் குழப்பமும் தடுமாற்றமும் வரும். இரைப்பைப் புடைப்புக்கென்றே ஜப்பானியர் வளர்த்த இன்னொரு முறையில், புடைப்பு வெளியேறும் பக்கச் சிரையை பலூனால் அடைத்து, பின்பக்கமிருந்து மருந்தை நிரப்பி அதை மூடிவிடுகிறார்கள். எல்லாமே ஊசித் துளையளவு வழியில். ஆனால் இவற்றுக்கான கூடமும் பயிற்சி பெற்றவரும் எல்லா ஊரிலும் இல்லை.

நூறு கிலோமீட்டர்

வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் சுமார் நூறு கிலோமீட்டர். கோடியக்கரைப் பக்கத்துக் கிராமம் என்றால் இன்னும் கூடும். ஒரு காலத்தில் தஞ்சாவூர்க்காரர்களே சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தது. அந்த நிலை மாறியிருக்கிறது. 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2010-ல் திருவாரூரிலும் 2022-ல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ் கட்டிய உயர் சிறப்பு சிகிச்சைப் பிரிவு 2019 ஜனவரி 27 அன்று, மதுரை, திருநெல்வேலி கட்டடங்களோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கூலி வேலை செய்யும் குடும்பங்களைப் பெரிய செலவிலிருந்து காப்பாற்றுகிறது. எடுத்து வைக்க வேண்டியது அட்டை. வீட்டில் எங்கே இருக்கிறது என்று நள்ளிரவில் தேடக்கூடாத பொருள் அது.

புடைப்பு உடைந்திருக்கும் என்று சந்தேகிக்கும் ரத்த வாந்திக்கு, மருத்துவமனையில் சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும் என்பது உலகளாவிய வழிகாட்டுதல். அந்த மணி நேரக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குகிறது. நோயாளியின் கணக்கு வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. இடையில் உள்ள வட்டார மருத்துவமனைக்கு இங்கே பெரிய வேலை உண்டு. இரண்டு கைகளிலும் தடித்த ஊசி குத்தி சலைன் ஏற்றி, ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தின் முதல் அளவையும் ஆன்டிபயாட்டிக்கையும் போட்டு, அதன் பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றினால், வழியில் கழியும் ஒன்றரை மணி நேரமும் சிகிச்சை நேரமாகிவிடும். வெறும் பரிந்துரைச் சீட்டோடு அனுப்பினால் அது வீணான நேரம். டெல்டாவின் ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் இந்த இரண்டு ஊசிகளும் எந்நேரமும் இருப்பில் இருக்க வேண்டும். பெரிய கருவிகளுக்குக் கட்டடம் கட்டுவதைவிட இது மலிவு.

வீட்டார் செய்ய வேண்டியதும் கொஞ்சம் உண்டு. மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்து வைக்க வேண்டும். தண்ணீரோ சோடாவோ கஷாயமோ கொடுக்கக் கூடாது.

அடுத்த தேதி

முதல் ரத்தக் கசிவு நின்றதும் குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். இந்த நோயில் ஆள்கள் கைநழுவிப் போவது பெரும்பாலும் இங்கேதான். மேற்கொண்டு எதுவும் செய்யாமல் விட்டால், ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் பத்தில் ஆறு பேருக்கு மறுபடி ரத்தம் கசியும். ஒரே அமர்வில் எல்லாப் புடைப்புகளையும் கட்டிவிட முடியாது. இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வரவழைத்து, புடைப்புகள் மறையும்வரை வளையம் போட வேண்டும். மூன்று நான்கு அமர்வுகள் ஆகலாம். மறைந்த பிறகும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அழுத்தம் அப்படியே இருப்பதால் புதியவை முளைக்கும்.

அந்தத் தேதிகள் வயல் நாட்காட்டியோடு மோதுகின்றன. குறுவை நடவு, சம்பா நாற்று பறிப்பு, தை மாத அறுவடை, கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்கும் வேலை என்று கூலி கிடைக்கும் நாட்கள் ஆண்டில் எண்ணிச் சொல்லக்கூடியவை. நோயாளி ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தால் கூட வருபவரின் கூலியும் போகிறது. வலி இல்லை, வாந்தி இல்லை, நன்றாக நடமாடுகிறார்; பேருந்துச் செலவு செய்து எதற்குப் போவது என்று வீட்டில் பேச்சு வந்தால் தேதி நழுவும். இதை நோயாளியின் அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயம் அல்ல. ஊர் ஊராக வீடு தேடிப் போய் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. அதே பணியாளரின் நோட்டில் வளையம் போட்டுக்கொண்டவரின் அடுத்த தேதியும் ஏறினால் எத்தனையோ இரண்டாவது ரத்த வாந்திகள் நடக்காமல் போகும்.

அமர்வுகளுக்கு நடுவே தினமும் ஒரு மாத்திரையும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் என்று பழகிய புரோப்ரனலால் போர்ட்டல் அழுத்தத்தையும் இறக்கி, மறுபடி ரத்தம் கசிவதைத் தடுக்கும் என்று பாரிஸைச் சேர்ந்த திதியே லெப்ரெக் 1981-ல் காட்டினார். அதன் உறவு மருந்தான கார்வெடிலாலும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. இரண்டுமே விலை குறைந்தவை. ஒரு முறை ரத்தம் கசிந்தவருக்கு வளையமும் மாத்திரையும் சேர்ந்துதான் காவல்.

குடிக்காதவருக்கும் வரும்

ரத்த வாந்தி என்றதும் வார்டில் எழும் முதல் பார்வை, குடிகாரர் என்ற பார்வை. குடி பெரிய காரணம்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. குடியை நிறுத்தியவருக்கு அழுத்தம் இறங்குவதும், கல்லீரல் ஓரளவு தேறுவதும் உண்மை. ஆனால் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத பெண்கள் இதே நோயோடு வந்து, அந்தப் பார்வையின் கீழ் கூனிக் குறுகிப் படுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் சமூக அளவில் நடத்தி 2005-ல் வெளியான ஆய்வில் 5.7 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. சென்னை நகரத்தில் நடத்திய இன்னொரு ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. சர்க்கரையும் தொந்தியும் உள்ள வீடுகளில் இதுவே அடுத்த தலைமுறையின் சிரோசிஸ்.

குழந்தைகளுக்கும் வருகிறது. கல்லீரல் நன்றாக இருக்கும். அதற்கு வரும் போர்ட்டல் சிரையே அடைபட்டிருக்கும். பிறந்த சில நாட்களில் தொப்புளில் ஏற்பட்ட சீழ்த்தொற்று சிலருக்குக் காரணம். பலருக்குக் காரணம் கடைசிவரை புலப்படாது. ஓடியாடும் பிள்ளைக்கு மண்ணீரல் மட்டும் பெரிதாக இருக்கும். ஒரு காய்ச்சலின்போது திடீரென்று ரத்த வாந்தி. இந்தியாவில் குழந்தைகளின் போர்ட்டல் அழுத்த நோயில் பெரும்பங்கு இதுதான். நல்ல செய்தி, இந்தப் பிள்ளைகளுக்குக் கல்லீரல் கெடாததால் வளையமோ அறுவையோ செய்து நீண்ட ஆயுள் வாழவைக்க முடியும்.

கல்லீரல் என்றதும் தமிழ் வீடுகளில் கீழாநெல்லி வரும். அதைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. சென்னையைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு, நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கோடு சேர்ந்து 1988-ல் லான்செட் இதழில் ஆய்வு வெளியிட்டது. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து ஹெபடைடிஸ் பி அடையாளம் மறைந்ததாக அதில் கண்டிருந்தார்கள். பின்னால் மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சாதாரண மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே தணிகிற நோய் என்பதால் பச்சிலை கேட்டது என்ற நம்பிக்கை வளர்கிறது. தழும்பேறிச் சுருங்கிய கல்லீரலையும் அதன் அழுத்தத்தையும் பச்சிலை இறக்கியதாகச் சான்று இல்லை. புடைப்பு உள்ளவர் அதை நம்பி எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட்டால் இழப்பு அவருக்கே.

உழவு வேலைக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று வலி மாத்திரை. குனிந்து நடவு நட்ட முதுகுக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிரோசிஸ் உள்ளவருக்கு ரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் தூண்டிவிடும்.

உலகத்தின் இன்னொரு நெல் டெல்டாவில் இந்த நோய் ஒரு தேசத்தையே உலுக்கியிருக்கிறது. நைல் நதியின் வாய்க்கால் நத்தைகளில் வாழும் ஒரு புழு, எகிப்திய உழவர்களின் தோல் வழியே ஏறி, கல்லீரலின் போர்ட்டல் கிளைகளை அடைத்து, தலைமுறை தலைமுறையாக ரத்த வாந்தியைக் கொடுத்தது. அதை ஒழிக்க 1950-களிலிருந்து கிராமம் கிராமமாக ஊசி போட்டார்கள். ஒரே ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பலருக்கும் பயன்படுத்தியதில் ஹெபடைடிஸ் சி பரவியது; புழு போன இடத்தில் கிருமி உட்கார்ந்தது. பிறகு எகிப்து 2018, 2019-ல் ஐந்து கோடிக்கு நெருக்கமான பெரியவர்களைப் பரிசோதித்து, நோய் இருந்தவர்களுக்கு இலவச மாத்திரை கொடுத்து அதைத் திருத்தியது. காவிரி வாய்க்கால்களில் அந்தப் புழு இல்லை. இந்தியாவில் அதன் உறவுப் புழு ஒன்று தென்பட்டது மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில். ஆனால் ஹெபடைடிஸ் பியும் சியும் இங்கேயும் உண்டு. 2018-லிருந்து தேசியத் திட்டத்தில் இவற்றுக்கு இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி என்று தெரிந்தால் உடன்பிறந்தவர்கள், மனைவி, பிள்ளைகள் எல்லாருமே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் எல்லை மீறி, கல்லீரலும் கைவிட்டால் மிஞ்சுவது கல்லீரல் மாற்று. அந்தத் துறையில் உலகப் புகழ் பெற்ற முகமது ரேலா மயிலாடுதுறைப் பக்கம் கிளியனூரில் பிறந்தவர். லண்டனில் 1997-ல் பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்றி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். டெல்டா பெருமைப்படலாம். ஆயினும் கல்லீரல் மாற்று எல்லாருக்கும் கிட்டுவதில்லை. ரத்தம் கசிவதற்கு முன்பே புடைப்பைக் கண்டுபிடிப்பது பலருக்கும் கிட்டும். பெரிய புடைப்பு இருந்தும் ஒரு முறைகூட ரத்தம் கசியாத 89 பேரை வைத்து சரின் குழு டெல்லியில் ஆய்ந்து 1999-ல் வெளியிட்டது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 18 மாதத்துக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பு 43 சதவீதம். முன்கூட்டியே வளையம் போட்டுக்கொண்டவர்களில் 15 சதவீதம்.

யாருக்கு எண்டோஸ்கோபி தேவை என்று கண்டறிய மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ உள்ள சாதாரண லேபில் செய்யும் ரத்தப் பரிசோதனையே முதல் குறிப்பைத் தரும். டெங்குக் காலம் பிளேட்லெட் என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்திருக்கிறது. போர்ட்டல் அழுத்தம் கூடினால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ச்சல் எதுவும் இல்லாமலே அந்த எண்ணிக்கை மாதக்கணக்கில் ஒன்றரை லட்சத்துக்குக் கீழே நின்றால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். விறைப்பு 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும் பிளேட்லெட் ஒன்றரை லட்சத்துக்கு மேலும் இருப்பவர்கள் எண்டோஸ்கோபியைத் தள்ளிவைத்து ஆண்டுக்கு ஒருமுறை இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டில் ஒன்று எல்லை தாண்டினாலும், குடிப்பவரோ குடிக்காதவரோ, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அம்மாவோ ஹெபடைடிஸ் பி உள்ள மகனோ, ரத்தம் வருவதற்குக் காத்திராமல் எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கிவிட வேண்டும்.